முதல் நாலு குடம்

அந்த மீன் ஒரு தடவையாவது செத்துத் தொலைத்திருக்கலாம். நான்கு வருடத்தில் அதற்கு நான் கொடுக்காத வாய்ப்பா? கரண்ட் போய் மோட்டார் நின்ற நாட்கள் உண்டு. ஒரு தீபாவளிக்கு மாமியார் வீட்டுக்குப் போய், ஐந்து நாள் தீனி போடாமல் விட்டதுண்டு. ஒரு நாள் தொட்டியிலிருந்து எகிறிக் குதித்து, ஹாலைத் தாண்டி, நெஞ்சாலேயே ஊர்ந்து போய், வாசலில் கிடந்த என் ஷூவுக்குள் தலையை விட்டுப் படுத்திருந்தது. வேலை முடிந்து வந்து பார்க்கிறேன், உயிரோடு இருக்கிறது. செத்தது ஷூதான்.

வேறு எந்த மீனாக இருந்தாலும் முதல் வருடமே மிதந்திருக்கும். அப்படி மிதந்திருந்தால் எங்கள் வரிசை வீட்டில் ஒரு குழந்தை இரண்டாவது முறை ஆஸ்பத்திரியில் படுத்திருக்காது. அதைத்தான் எழுத வந்தேன். எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். யார் மேல் கோபம் என்று கேட்டால் பெரிய பட்டியலே இருக்கிறது. அதில் முதல் ஆள் நான்.

மீனை வாங்கியது கொளத்தூரில். புதிதாக நாலடித் தொட்டி வாங்கி, தங்கமீன் ஆறு, கறுப்பு மோலி நாலு என்று விட்டிருந்தேன். கண்ணாடியில் பாசி பிடிக்கிறது என்று கடைக்காரரிடம் சொன்னேன். அவர் ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே விரல் நீளத்துக்கு ஒன்று, எட்டு மீசையோடு.

"இத்த வுடு மாமு. பாசி எல்லாம் தானே துன்னுடும். நீ கண்ணாடியத் தொடவே வாணாம்."

அது பாசியைத் தவிர எல்லாவற்றையும் தின்றது. முதல் வாரம் இரண்டு மோலியைக் காணவில்லை. அடுத்த வாரம் ஒரு தங்கமீன். நான் வீட்டுக்காரியைச் சந்தேகமாகப் பார்த்தேன்.

"இன்னா மொறைக்கிற? நான் எடுத்துக் கொயம்பு வெச்சிட்டேன்றியா?" என்றாள்.

இரண்டு மாதத்தில் தொட்டியில் அது மட்டும்தான் இருந்தது. நான்கு வருடத்தில் இரண்டரை அடி. கொத்தனார் கரண்டி மாதிரி தட்டைத் தலை, கறுத்த முதுகு, சின்னக் கண். தொட்டியில் திரும்ப வேண்டுமென்றால் உடம்பை மடித்துத்தான் திரும்பும். கோழிக்கடையில் கழிக்கிற தோலும் குடலும்தான் தீனி. அடிக்கடி மேலே வந்து 'ளொப்' என்று ஒரு வாய் காற்று குடித்துவிட்டு இறங்கும். மூடி மேல் அம்மிக் குழவியை வைத்திருந்தேன், மறுபடியும் ஷூ வாங்க வசதி இல்லை என்பதால்.

இதற்கு ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று பேர், இதை வளர்க்கத் தடை இருக்கிறது என்பதெல்லாம் பிறகு போனில் ஒரு வீடியோ பார்த்துத்தான் தெரிந்தது. பண்ணை வைப்பவனுக்குத்தானே தடை, ஒற்றை மீனுக்கு யார் வரப்போகிறார்கள் என்று எனக்கு நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். ஆற்றில் விட்டுவிடலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். எதிர் போர்ஷன் அக்காவின் வீட்டுக்காரர் காசிமேட்டில் லாஞ்சுக்குப் போகிறவர், கடலுக்குப் போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். அவரிடம் கேட்டேன்.

"ஆத்துல மிச்சம் கீறதே நாலு மீனு. அத்தையும் இது துன்னுட்டுப் போவட்டும்ன்றியா? வுட்ட, இதோட சேத்து உன்னையும் கட்டி எறக்கிடுவேன்."

சரி, கிடக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீடு காலடிப்பேட்டையில் ஐந்து போர்ஷன் கொண்ட வரிசை வீடு. வாசலில் ஒரே ஒரு அடிபம்பு, தெருக் குழாயோடு இணைத்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடிகாலையில் தண்ணீர் வரும். வந்தவுடன் பிடித்துவிடக் கூடாது. முதல் நாலு குடத்தைக் கீழே விட வேண்டும். கறுப்பாக, மூக்கைப் பொத்த வைக்கும் வாடையோடு வரும். ஐந்தாவது குடத்தில் நிறம் தெளியும். வாடை போக இன்னும் இரண்டு குடம். புதிதாகக் குடிவருகிறவர்களிடம் வாடகையையும் அட்வான்ஸையும் சொன்ன கையோடு வீட்டு ஓனர் இதையும் சொல்லிவிடுவார். "முதல் நாலு குடம் கீழ வுட்ருங்க." ஏதோ கோயில் பிரசாதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொல்வது மாதிரி. போய்ச் சண்டை போட வேண்டிய ஒன்றை வழக்கமாக்கிக்கொள்வதில் எங்களை அடிச்சுக்க ஆள் கிடையாது.

அந்த நாலு குடத்தைச் சும்மா கொட்ட எனக்கு மனசு வரவில்லை. மீனுக்கு விட்டேன். இதில் எல்லோருக்கும் சந்தோஷம். காலையில் முதலில் எழுந்து கெட்ட தண்ணீரை அடித்துத் தள்ள ஒரு ஏமாளி கிடைத்தான். அந்த ஏமாளி அதைப் பெருமையாக வேறு பேசிக்கொண்டு திரிந்தான். வீட்டுக்கு யார் வந்தாலும் தொட்டி முன்னால் நிறுத்துவேன். "மினரல் வாட்டர் குட்ச்சி வளந்த மீன் இல்ல இது. நம்ம ஏரியா தண்ணி. உடம்பப் பாரு, எப்டி கீது." வீடியோ எடுத்துப் போட்டேன். கிடைத்த லைக்குகளில் பாதி என் மச்சான் வெவ்வேறு பெயர்களில் போட்டது.

போன வருடம் மழை விட்ட பிறகு எதிர் போர்ஷன் அக்காவின் பெண்ணுக்கு வாந்தியும் பேதியும் வந்தது. ஒன்றாம் வகுப்பு படிக்கிற குழந்தை. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன தண்ணி குடிக்கிறீங்க?" அக்கா காய்ச்சித்தான் கொடுத்தாள். ஆனால் பல் தேய்க்கிற தண்ணீரையும், தட்டு கழுவுகிற தண்ணீரையும், குளிக்கும்போது குழந்தை வாயில் போகிற தண்ணீரையும் யார் காய்ச்சுவது? கேன் வாங்கலாம் என்றால், புருஷன் கடலில் இருக்கிறார். வலையில் மீன் விழுந்தால்தான் கையில் காசு.

அக்கா தண்ணீர் ஆபீசுக்குப் போன் போட்டுப் புகார் கொடுத்தாள். எங்கள் வரிசையில் யாரும் செய்யாத வேலை. நாலைந்து போன் போட்ட பிறகு ஒரு நாள் பதினொரு மணி வாக்கில் ஒரு இன்ஜினியர் வந்தார். அன்றைக்கு எனக்கு மதிய ஷிப்ட், வீட்டில் இருந்தேன்.

அக்கா ஒரு பாட்டிலை எடுத்து வந்து நீட்டினாள். "காலைல புடிச்சது சார். மூடியத் தொறந்து மோந்து பாருங்க."

அவர் கையை நீட்டவில்லை. "பாட்டில்ல நீங்க எதை வேணாலும் ஊத்தி வைக்கலாம்மா. லைன்ல வர்ற தண்ணிய நான் பாக்கணும். இப்ப வருதா?"

"இப்ப எப்டி சார் வரும்? ஏழரைக்கே நிறுத்திட்டீங்களே."

"அப்ப நான் எதைப் பாக்கறது?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் நான் மனிதன். வாசலில் ஒரு அதிகாரி நிற்கிறார், என் வீட்டில் இரண்டரை அடி மீன் இருக்கிறது. நாக்கு அரித்தது. "சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க, ஒரு மெர்சலான அய்ட்டம் காட்றேன்" என்று கூட்டிப் போய்விட்டேன்.

அவர் தொட்டியைப் பார்த்துச் சிரித்தார். "யப்பா. என்னங்க இது, இவ்வளவு பெருசா?"

"எல்லாம் உங்க தண்ணி சார். நாலு வருசமா முதல் தண்ணி இதுக்குத்தான்."

"இந்தப் பம்புத் தண்ணியா?"

"ஆமா சார். வேற ஒண்ணும் ஊத்துனதில்ல."

அவர் போனை எடுத்து மீனைப் படம் பிடித்தார். நான் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டினேன். படத்தில் என் முகமும் பாதி இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். போகும்போது அவர் அக்காவிடம், "பாக்கறோம்மா" என்றார்.

மறுநாள் அக்காவின் போனுக்கு மெசேஜ் வந்தது. அவள் கதவைத் தட்டி, போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மனப்பாடமாக இருக்கிறது எனக்கு. 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. அதே குடிநீரில் வளர்க்கப்படும் மீன் ஆரோக்கியமாக உள்ளது. குடிநீர் தரமாக உள்ளது. புகார் முடித்து வைக்கப்பட்டது.'

"அக்கா, நான் சும்மா காட்டினேன்..."

"உன் மீன் நல்லா கீதுன்னு நான் புகார் குடுத்தேனா? என் பொண்ணு நல்லா இல்லன்னு குடுத்தேன். அத்த எங்கயாச்சும் எழுதிக்கீறானா பாரு."

"இல்லக்கா, நான் போய்ப் பேசிட்டு..."

"நீ பேசித்தான் இது வந்துச்சு. இனிமே நீ பேசாத, நைனா. உனுக்குப் புண்ணியமா போவும்."

கதவை அறைந்துவிட்டுப் போயிருந்தால் தேவலை. மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அன்று என் வீட்டுக்காரி சாப்பாட்டுத் தட்டை வைத்த சத்தத்தில் எல்லாம் இருந்தது. அடுத்த வாரம் அந்தக் குழந்தையை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர்களின் கதவில் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, நம்பரை எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை எனக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மாட்டேன். பார்க்காமலே 'சரி' என்று எழுதுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த இன்ஜினியரும் அதைத்தான் செய்தார். வித்தியாசம் ஒன்றுதான். நான் 'சரி' என்று எழுதுகிற பெட்டியை எவனும் குடிப்பதில்லை. இதை யோசித்துக்கொண்டு அன்றைக்கு நாற்பது டிரெய்லர்களுக்கு நடுவில் நின்றபோது உடம்பெல்லாம் எரிந்தது.

ஆபீசுக்கு இரண்டு தடவை போனேன். முதல் தடவை அவர் சைட்டுக்குப் போயிருக்கிறார் என்றார்கள். இரண்டாவது தடவை இருந்தார்.

"அதான் க்ளோஸ் ஆயிடுச்சே சார்."

"அந்த மீன் கணக்கு இல்ல சார். அது எதுல போட்டாலும் சாவாது. கொஞ்சம் தப்பா பூட்ச்சி."

"நீங்கதானே சார் சொன்னீங்க, நாலு வருஷமா இதே தண்ணின்னு? சந்தோஷமா வேற சொன்னீங்க." போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினார். மீன் கம்பீரமாக இருந்தது. பக்கத்தில் பாதி முகத்தோடு ஒரு கோமாளி.

மூன்றாவது தடவை மீனோடு போனேன்.

கம்பெனியில் தூக்கிப் போட்ட நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்திருந்தேன். அதில் இரண்டு குடம் தண்ணீர், மீன், மேலே ஈரக் கோணி. தெருமுனை மேன்ஹோல் வழக்கம்போல நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு பக்கெட் மொண்டு மூடி வைத்துக்கொண்டேன். லோடு ஆட்டோ என் தோஸ்துடையது. அவன் பக்கெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"மாமு, இது இன்னாது?"

"சாம்பிள்."

"கலீஜ் பண்ணாதடா. சீட்டு புச்சு, போன வாரந்தான் போட்டேன்."

அக்காவும் பாட்டிலோடு வந்து ஏறினாள். நான் கூப்பிடவில்லை. "நீ தனியா போனா திரும்பவும் சிரிச்சிகினு வருவ" என்றாள். வழியெல்லாம் மீன் வாலால் அடித்ததில் மூன்று பேரும் குளித்துவிட்டோம்.

ஆபீஸ் மாடியில் இல்லை, நல்லவேளை. நானும் தோஸ்தும் டிரம்மைத் தூக்கிப்போய் இன்ஜினியரின் மேஜைக்கு முன்னால் வைத்தோம். அவர் டீயைக் கையில் வைத்தபடி எழுந்து நின்றார்.

"யோவ், என்னய்யா இது?"

"உங்க சர்ட்டிபிகேட் சார்" என்றேன். கோணியை எடுத்தேன். பக்கெட்டை அப்படியே டிரம்மில் கவிழ்த்தேன். வாடை எழுந்தவுடன் பக்கத்து மேஜைக்காரர்கள் வராந்தாவுக்கு ஓடினார்கள். ஃபேன் வேறு அதை அறை முழுவதும் பங்கு போட்டது. கறுப்புத் தண்ணீரிலிருந்து எட்டு மீசையும் மேலே வந்தன. 'ளொப்.' ஒரு வாய் காற்று குடித்துவிட்டுக் கீழே போனது. கொஞ்ச நேரத்தில் மறுபடி 'ளொப்'.

"இது சாக்கடைத் தண்ணி சார். மீன் நல்லா கீது, பாருங்க. எழுதுங்க. சாக்கடைத் தண்ணி தரமா உள்ளதுன்னு எழுதுங்க. எழுதிட்டு அந்த டீயக் கொட்டிட்டு இத்த ஒரு டம்ளர் மொண்டு குடிங்க."

அக்கா பாட்டிலை மேஜை மேல் வைத்தாள். மூடியைத் திறந்தே வைத்தாள். இந்தத் தடவை அவர் மோந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. எந்த வாடை பாட்டிலிலிருந்து வருகிறது, எந்த வாடை டிரம்மிலிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. போனில் எதையோ தேடினார். கண்டுபிடித்துவிட்டார். "இது ஆப்பிரிக்கன் கெளுத்தி. கவர்ன்மென்ட் தடை பண்ண மீன். இதை வீட்ல வெச்சிருக்கறதே குத்தம், தெரியுமா? உன் மேல ரிப்போர்ட் போடறேன் பார்."

நான்கு வருடம் பயந்துகொண்டிருந்த வார்த்தை அது. வாய் வழக்கம்போல முந்திக்கொண்டது.

"போடுங்க சார். இத்த ஏன் தடை பண்ணாங்கன்னும் சேத்துப் போடுங்க. எந்தக் கயிவுத் தண்ணிலயும் சாவாதுன்னு போட்ருக்குமே. சும்மா மெரட்டினா போதாது, எழுத்துல குடுங்க. தகிரியம் கீதா?"

கோபத்தில் இருக்கிறவனிடம் தைரியம் இருக்கிறதா என்று கேட்டால் என்ன செய்வான்? உட்கார்ந்தார். மீன் துறைக்கு ஒரு கடிதம் எழுதினார், நகல் எனக்கு. மேற்படி நபரிடம் உள்ளது தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி என்பதும், அது கழிவுநீரிலும் உயிர் வாழக்கூடியது என்பதும் நேரில் கண்டறியப்பட்டது. கீழே கையெழுத்து, முத்திரை. நகலை அவர் என் பக்கம் தூக்கிப் போட்டார். நான் எடுப்பதற்கு முன்னால் அக்கா எடுத்துப் பாட்டில் வைத்திருந்த பைக்குள் பத்திரப்படுத்தினாள்.

மீனோடு டிரம்மைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் எனக்கே விளங்கியது. அக்காவுக்கு அங்கேயே விளங்கிவிட்டது.

திங்கட்கிழமை மனு வாங்குகிற பெரிய ஆபீசில் அக்கா இரண்டு தாளை ஒன்றாகக் குத்திக் கொடுத்தாள். ஒன்று, மீன் பிழைத்திருக்கிறது, அதனால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்கிற மெசேஜின் பிரிண்ட். இன்னொன்று, அதே மீன் சாக்கடையிலும் பிழைக்கும் என்று அதே ஆள் போட்ட கையெழுத்து. மனு வாங்கிய அம்மா இரண்டையும் இரண்டு தடவை படித்தாராம். "இவரு எந்த டிபார்ட்மென்ட்டும்மா, மீனா தண்ணியா?" என்று கேட்டாராம்.

மூன்றாம் நாள் தெருமுனையைத் தோண்டினார்கள். வழிந்துகொண்டே இருக்குமே அந்த மேன்ஹோல், அதன் வயிற்றுக்குள்ளேயே எங்கள் குடிதண்ணீர்க் குழாய் போயிருந்தது. பக்கவாட்டில் துருப்பிடித்து உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. தண்ணீர் நின்ற நேரமெல்லாம் சாக்கடை உள்ளே இறங்கும். தண்ணீர் விட்டதும் அதுதான் முதலில் வரும். எங்கள் முதல் நாலு குடம் அதுதான். தெருவே சுற்றி நின்று பார்த்தது. தோண்டியவர் கூலாக, "இது பைப்பு போட்ட அன்னிலேந்து இப்டித்தாங்க இருந்திருக்கும்" என்றார். நான் அங்கே பிறந்து வளர்ந்தவன். என் பல்லில் பாதி போனது எதனால் என்று அன்றைக்குத்தான் ஒரு சந்தேகம் வந்தது. சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை. குழிக்குள் இறங்கி யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது. அடிக்கத் தகுந்தவன் யாரும் குழிக்குள் இல்லை. கால் நனைய நின்ற இரண்டு கூலித் தொழிலாளிகள்தான் இருந்தார்கள்.

குழாயை மாற்றிய பிறகு முதல் தண்ணீர் வந்தது. பழக்க தோஷத்தில் முதல் நாலு குடத்தை அடித்துக்கொண்டுபோய்த் தொட்டியில் விட்டேன். மீன் பைத்தியம் பிடித்த மாதிரி சுழன்றது. கண்ணாடியில் மோதியது. குழவியையே தள்ளிவிட்டு எகிறித் தரையில் விழுந்தது. குனிந்து முகர்ந்தேன். குளோரின். சாக்கடையில் மீசையை முறுக்கியவனுக்கு நல்ல தண்ணீர் ஆகவில்லை. வீட்டுக்காரி டிரம்மில் முன்பே பிடித்து வைத்திருந்த பழைய தண்ணீரை எடுத்து வந்து ஊற்றி அதைக் காப்பாற்றினாள். "நல்லது எது வந்தாலும் இந்த வூட்ல ஒருத்தனுக்கும் ஒத்துக்காது" என்றாள்.

அதற்கடுத்த வாரம் மீன் துறையிலிருந்து இரண்டு பேர் வலையும் சாக்குமாக வந்தார்கள். அவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொன்று புதைப்போம், வேறு வழியில்லை என்றார் ஒருவர். அன்று காலையில் கோழிக்கடையில் ஈரலே காசு கொடுத்து வாங்கிப் போட்டிருந்தேன். எல்லாவற்றையும் தின்றிருந்தது. சாக்குக்குள் போன பிறகும் 'ளொப்' என்று சத்தம் கேட்டது. அதன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அது வாயே திறக்கவில்லை, காற்றுக்குத் தவிர. பேசியதெல்லாம் நான்.

தண்ணீர் ஆபீசிலிருந்து யாரும் எங்களிடம் தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தப் பழைய புகார் எண்ணைப் போட்டுப் பார்த்தால் இன்றைக்கும் மீன் ஆரோக்கியமாக உள்ளது என்றுதான் வருகிறது. கொன்று புதைத்த மீன் அவர்கள் கணக்கில் இன்னும் நீந்திக்கொண்டிருக்கிறது.

குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. பம்புத் தண்ணீரை அக்கா அதற்குக் கொடுக்கவில்லை, இன்னும் கேன்தான். ஒரு காலை பம்படிக்குப் போனேன். அக்கா ஐந்தாவது குடம் வரைக்கும் காத்திருக்கவில்லை. முதல் தண்ணீரிலேயே ஒரு சொம்பு பிடித்து என்னிடம் நீட்டினாள். குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"குடி" என்றாள்.

"இன்னாக்கா, காய்ச்சாம..."

"மீன் பூட்ச்சில்ல? இனிமே நீதான். இன்னிக்குக் குடி. ரெண்டு நாள் பாக்கறேன். உனுக்கு ஒண்ணும் ஆவலன்னா பாப்பாவுக்குக் குடுக்கறேன்."

வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பதிலுக்குச் சொல்ல என்னிடம் நாலைந்து ஜோக் இருந்தது. ஒன்றையும் எடுக்கவில்லை. சொம்பை வாங்கி நின்ற இடத்திலேயே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். குளோரின் தொண்டையில் எரிந்தது. அக்கா சொம்பைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு, "நாள மறுநாளும் வா" என்றாள்.